சுரங்கத்துக்கு இரண்டு வாசல்

அரபுப் பாடம் சொல்லிக் கொடுப்பவனுக்குச் சொல்லின் வேரைத் தோண்டுவதே பிழைப்பு. அந்தப் பிழைப்பில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாம், நூன், ஃபா, காஃப் என்னும் மூன்றெழுத்து வேரை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கி வந்திருக்கிறோம். மனைவி மக்களுக்காகச் செலவிடும் 'நஃபகா' அவ்வேரில் கிளைத்ததே. மண்ணுக்கடியில் செல்லும் சுரங்க வழிக்கு 'நஃபக்' என்று பெயர். உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுகிறவனை 'முனாஃபிக்' என்கிறோமே, அச்சொல்லையும் அகராதி வல்லுநர்கள் இவ்வேரோடுதான் சேர்த்துச் சொல்வார்கள்.

அதற்கு அவர்கள் காட்டும் சான்று சுவையானது. பாலைவனத்தில் யர்பூஃ என்றொரு சிற்றுயிர் உண்டு. எலி இனம், பின்னங்கால் நீண்டது, தத்தித் தத்தி ஓடும். அதன் வளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள். எல்லாரும் காணத் திறந்து கிடப்பது ஒன்று. மற்றொன்றை அது முழுதும் தோண்டாமல், மேலே மெல்லிய மண்ணை மட்டும் மிச்சம் வைத்து மறைத்துவிடும். பகை வந்து முன்வாசலை மறித்தால், மறைந்த வாசலைத் தலையால் முட்டித் திறந்து வெளியேறிப் போய்விடும். அந்த மறை வாசலுக்கு 'நாஃபிகா' என்று பெயர். மண்ணுக்கடியில் தோண்டி, மறுபக்கம் வெளியேற வழியில்லாதிருந்தால் அதை 'ஸரப்' என்பார்கள்; வேறோரிடத்தில் வெளியே திறந்தால்தான் அது 'நஃபக்'. ஆக, அரபியர் கணக்கில் ஒரு வாசல் மட்டும் உள்ளது சுரங்கமே அன்று, பொந்து.

இதை நாம் பாடமாகத்தான் அறிந்திருந்தோம். உடம்பில் உறைத்தது 2022 ஜூலையில், லண்டன் மாநகரில்.

மகளும் மருமகனும் அங்கே குடித்தனம் நடத்துகிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளை அவர்களோடு கொண்டாடிவிட்டு, மேலும் சில வாரங்கள் தங்கி வரலாம் என்று துணைவியாரோடு போயிருந்தோம். பெருநாள் கழிந்த பத்தாம் நாள் அளவில் அந்நாட்டை ஒரு வெயில் பிடித்தது. ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரிலுள்ள கோனிங்ஸ்பி என்னும் ஊரில் 40.3 டிகிரி பதிவாயிற்று. பிரிட்டன் வரலாற்றில் வெப்பமானி நாற்பதைத் தாண்டியது அதுவே முதல் தடவை. அதற்கு முன்பிருந்தே வானொலியும் தொலைக்காட்சியும் எச்சரித்த வண்ணம் இருந்தன. அவசியம் இருந்தாலொழியப் பயணம் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். நாமோ நகைத்தோம். கத்திரி வெயிலில் வெறுங்காலோடு மணலில் நடந்து ஓதப் போன பிள்ளைகள் நாம். நாற்பது டிகிரிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பதினெட்டாம் தேதி முற்பகலில், நகரின் நடுவிலுள்ள நூலகம் ஒன்றில் அரபுக் கையெழுத்துச் சுவடிகளைப் பார்க்கப் புறப்பட்டோம். "இன்னிக்கு வேணாம் வாப்பா, கீழே வேக்காடா இருக்கும்" என்றாள் மகள். துணைவியார் வேறொன்றைக் கேட்டார்கள்: "ஏங்க, அந்த ரயில் பூமிக்குள்ளே போகுமே, அங்கே காத்து வருமா?" அக்கேள்வியின் அடியில் என்ன இருந்தது என்பதை நாம் அறிவோம். அறிந்தும், "தினமும் லட்சம் லட்சமாச் சனம் போய் வர்ற வழி. காத்து வராமலா?" என்று கேலியாக மறுமொழி சொல்லி அழைத்துச் சென்றோம். கடும் வெப்பக் காலத்தில், தொலைவிலிருந்து ஜமாஅத்துக்கு வருவோருக்காக ளுஹர் தொழுகையை வெயில் தணியும் வரை பிற்படுத்துவது சுன்னத்து என்னும் 'இப்ராத்' சட்டத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர்கள் நாம். தொழுகைக்கே வெயில் தணியப் பொறுக்கச் சொல்லும் சட்டத்தைப் படித்தவன், சுவடி பார்க்க உச்சிப் பொழுதில் ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு போனான்.

எந்தத் தடத்தில் ஏறினோம் என்பது இங்கே வேண்டியதில்லை. ஆழத்தில் ஓடும் தடங்களுள் ஒன்று. தெருவிலிருந்து நகரும் படிகளில் இறங்க இறங்க, கிணற்றுக்குள் இறங்கினால் குளிர்வது போல் குளிரும் என்று எண்ணியிருந்தோம். மாறாக, சோறு வடித்த பானையின் மூடியைத் திறந்தாற்போல் ஒரு வெக்கை முகத்தில் அடித்தது. நம் ஊர் வெயில் வேறு; அது மேலிருந்து வரும், நிழலைக் கண்டால் நின்றுவிடும், மாலையில் கடற்காற்று வந்து அதைத் துடைத்துவிடும். இது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் வருவது போலிருந்தது. பின்னர் தெரிந்துகொண்டபடி, அது உண்மையும்கூட.

வண்டி புறப்பட்டு ஐந்தாறு நிலையங்கள் கடந்திருக்கும். துணைவியாரின் கை நம் மணிக்கட்டைப் பற்றியது. முகத்தில் வேர்வை நின்றுபோயிருந்தது, உதடு வெளுத்திருந்தது. அடுத்த நிலையத்தில் இறக்கி, நடைமேடைப் பலகையில் அமர்த்தினோம். முன்பின் அறியாத ஓர் இளம்பெண் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கையில் வைத்துவிட்டு, அடுத்த வண்டியையும் விட்டுவிட்டு நின்றாள். நிலையப் பணியாளர் ஒருவர் வந்து மேலே அழைத்துப் போய், கதவோரம் காற்றுப் படும் இடத்தில் உட்கார வைத்தார். அரைமணி நேரத்தில் எல்லாம் சரியாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். துணைவியார் நம்மைக் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "மாமா சொன்னது இப்படித்தான் இருந்திருக்குமா?"

அந்த மாமா துணைவியாரின் தாய்மாமன். 1990ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் போனவர். அவ்வாண்டு ஜூலை 2 அன்று மினாவையொட்டிய அல் முஐஸிம் நடைவழிச் சுரங்கத்தில் 1,426 ஹாஜிகள் நெரிசலில் உயிர் நீத்தார்கள். அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கம். வெளியே 44 டிகிரி வெயில். உள்ளே கொள்ளளவை மீறிய கூட்டம். முன்னால் வழி அடைபட்டதும், பின்னால் வருவோர் அதை அறியாமல் வந்துகொண்டே இருந்ததும், உள்ளே காற்றோட்டம் நின்றுபோனதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மாமா அன்று வேறு வழியில் போனதால் பிழைத்தவர். உடன் தங்கியிருந்த ஒருவரை இரண்டு நாள் தேடினார் என்பதற்கு மேல் அவர் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. ஊர் திரும்பிய பின் மௌத்தாகும் வரை, மழைக்காலத்தில்கூட, தாம் படுக்கும் அறையின் கதவைத் திறந்து வைத்தேதான் படுத்தார். அப்போது பதினெட்டு வயதிலிருந்த மருமகள் அந்தத் திறந்த கதவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். 'காத்து வருமா' என்ற கேள்வி அங்கிருந்து வந்தது. அதைத்தான் நாம் கேலி செய்தோம்.

வெட்கம் சில வேளைகளில் நல்ல ஆசான். மீதியிருந்த நாள்களில் சுவடிகளை மறந்து, அந்தப் பாதாள ரயிலின் காற்றைப் பற்றியே விசாரிக்கலானோம். மருமகன் கட்டடங்களுக்குக் குளிர்சாதனமும் வெந்நீர்க் குழாயும் அமைக்கும் தொழிலில் இருப்பவர். நாம் கேட்கக் கேட்கச் சலிக்காமல் சொன்னார். வேண்டிய நூல்களையும் கொண்டுவந்து கொடுத்தார்.

முதலில் அவரிடம் கேட்டது, மினாவிலும் இங்கும் நடப்பது ஒன்றுதானா என்பதே. "இல்லை மாமா" என்றார். "இங்கே ரயிலே துருத்தி. சைக்கிள் பம்புக்குள்ளே தண்டு போற மாதிரி, குழாய் போன்ற சுரங்கத்துக்குள்ளே ரயில் போகுது. முன்னாலே இருக்கிற காற்றைத் தள்ளும், பின்னாலே இருந்து புதுக் காற்றை இழுக்கும். மனுஷன் நடந்து போற சுரங்கத்திலே அப்படித் தள்ளுறதுக்கு ஒண்ணும் கிடையாது. விசிறி நின்னுட்டா காற்றும் நின்னுடும்." நடைமேடையில் நிற்கும்போது ரயில் கண்ணில் படுமுன்னே ஒரு காற்று வந்து முக்காட்டைப் பறக்கச் செய்யுமே, அது இந்தத் தள்ளுதலால் எழுவது. இன்று மினா, முஸ்தலிஃபா, அரஃபாத் ஆகியவற்றை இணைக்கும் ரயில் 2010 முதல் ஓடுகிறது. அது மண்ணுக்கடியில் அன்று, தூண்களின் மேல் ஓடுகிறது என்பதைக் கேட்டுத் துணைவியார் நிம்மதியடைந்தார்கள்.

உலகில் மண்ணுக்கடியில் பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ரயில் லண்டனில் 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அதை இழுத்தது நீராவி எஞ்சின்! மூடிய சுரங்கத்துக்குள் கரி எரித்து ஓடும் எஞ்சினை நினைத்துப் பாருங்கள். நீராவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் செலுத்திக் குளிரவைக்கும் ஏற்பாடு இருந்தது. ஆயினும் புகையும் கந்தக நாற்றமும் பயணிகளை வாட்டின. இந்தப் புகை இழுப்பு நோய்க்கு நல்லது என்று வாதிட்டவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். விற்பவன் தன் சரக்கைப் பழிப்பானா? 1905இல் மின்சாரம் வந்த பிறகே அத்தடத்துக்கு விடிவு பிறந்தது.

அப்புகையை வெளியேற்ற அவர்கள் செய்த ஏற்பாடுகளில் ஒன்றைக் காண மருமகன் நம்மை பேஸ்வாட்டர் பகுதியில் லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் என்னும் தெருவுக்கு அழைத்துப் போனார். வெண்சுண்ணம் பூசிய ஐந்தடுக்கு வீடுகள், தூண் வைத்த வாசல்கள், மாடம் மாடமாக வரிசை பிசகாமல் நிற்கும் தெரு. "இதிலே இருபத்துமூணாம் நம்பரையும் இருபத்துநாலாம் நம்பரையும் பாருங்க மாமா" என்றார். பார்த்தோம். மற்ற வீடுகளைப் போலவே இருந்தன. "இன்னொரு தடவை பாருங்க." அப்போதுதான் கண்டோம்: சாளரங்களில் கண்ணாடி இல்லை, சாம்பல் வண்ணம் பூசியிருந்தது. கதவில் கடிதம் போடும் துளை இல்லை. வீட்டின் பின்புறமாகச் சுற்றி அழைத்துப் போய் அங்கிருந்த மதிலின் மேலாக எட்டிப் பார்க்கச் சொன்னார். வீடே இல்லை! முன்சுவர் ஒன்று மட்டும் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அதன் பின்னால் திறந்த பள்ளம். பள்ளத்தின் அடியில் தண்டவாளம்.

1860களில் அவ்வழியைப் பேஸ்வாட்டர் பக்கம் நீட்டியபோது, எஞ்சின்கள் சேர்த்து வைத்த ஆவியையும் புகையையும் விடுவதற்குத் திறந்த வெளி வேண்டியிருந்தது. அதற்காக இரண்டு வீடுகளை இடித்தார்கள். பல் விழுந்த வாய் போல் தெரு தோன்றுமே என்று அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்காதிருக்க, இடித்த இடத்தில் ஏறக்குறைய ஐந்தடி கனத்தில் ஒரு பொய்முகத்தை எழுப்பி வைத்தார்கள்.

நாம் தெருவோரத்தில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். மருமகன் ஒன்றும் புரியாமல் பார்த்தார். நாஃபிகா! யர்பூஃ தன் மறை வாசலின் மேல் மெல்லிய மண்ணை விட்டு வைப்பது போல, இந்தச் சுரங்கமும் தன் இரண்டாம் வாசலின் மேல் ஒரு வீட்டு முகத்தை விட்டு வைத்திருக்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்த சொல் எதிரில் கல்லும் சுண்ணமுமாய் நின்றது. வீடு என்று காட்டி வீடாக இல்லாமல் நிற்கும் அதை முனாஃபிக் என்று சொல்லலாமா? சொல்ல மனம் ஒப்பவில்லை. அதன் உள்ளே வஞ்சகம் இல்லை. மூச்சுவிடும் வழி மட்டுமே இருக்கிறது. முகம் பொய், பின்னால் இருப்பது மெய். இத்தகைய மனிதர்களும் சிலரை நாம் கண்டதுண்டு.

இது மேலோட்டமாகத் தோண்டிய பழைய சுரங்கத்தின் கதை. தெருவைப் பிளந்து, பள்ளம் பறித்து, வளைவு கட்டி மூடியவை அவை. ஆங்காங்கே திறந்துவிடவும் முடிந்தது. ஆழத்தில் களிமண்ணைக் குடைந்து குழாய் போல் அமைத்த தடங்களின் கதை வேறு. அவற்றுள் முதலாவது 1890இல் திறந்தது; மின்சாரத்திலேயே ஓடியதால் அங்கே புகை இல்லை. புகை இல்லையென்றால் வாசல் எதற்கு என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1900ஆம் ஆண்டளவில் லண்டன் களிமண்ணின் வெப்பம் ஏறக்குறைய 14 டிகிரிதான். வெளியே கோடை கொளுத்தும்போது கீழே சில்லென்றிருந்தது. வெயிலுக்குத் தப்பிக் குளுமையாகப் பயணம் செய்யப் பாதாள ரயிலுக்கு வாருங்கள் என்று சுவரொட்டி ஒட்டி அழைத்த காலமும் உண்டு. இன்று அதே களிமண் சுரங்கத்தை அடுத்துள்ள இடங்களில் 19 முதல் 26 டிகிரி வரை ஏறிக் கிடக்கிறது. சுரங்கக் காற்று கோடையில் 30ஐத் தாண்டுகிறது.

இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? கூட்டத்தின் உடற்சூடு என்றே நாம் எண்ணியிருந்தோம். ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட் பல்பு அளவுக்குச் சூட்டைக் கக்குகிறான் என்பது உண்மை. ஆனால் மொத்தக் கணக்கில் அது நூற்றில் இரண்டு போன்ற சிறு பங்கே என்றார் மருமகன். பெரும் பங்கு ரயிலை ஓட்டுவதிலும், அதைவிட அதை நிறுத்துவதிலும் பிறக்கிறது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரயில் விரைந்து வருகிறது. அடுத்த நிலையத்தில் நிற்க வேண்டும். அந்த வேகத்தை எங்கோ கொட்டியாக வேண்டும் அல்லவா? பிரேக் கட்டை சக்கரத்தை உராய்கிறது. வேகம் சூடாக மாறுகிறது. ரயில் நின்றுவிடுகிறது, சூடு நிற்பதில்லை. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி, ஒவ்வொரு நிலையத்திலும், விடியற்காலை முதல் நள்ளிரவு வரை, நூறாண்டுகளுக்கு மேலாக.

பழைய பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1900இல் திறந்த சென்ட்ரல் தடத்தில் ஓர் அழகான உபாயம் செய்திருந்தார்கள். நிலையங்களை மேட்டிலும், இடைவழியைப் பள்ளத்திலும் அமைத்தார்கள். வந்து சேரும் வண்டிக்கு 60 அடிக்கு ஓரடி ஏற்றம். ஏற்றமே பாதி பிரேக்காகிவிடும். புறப்படும் வண்டிக்கு 30 அடிக்கு ஓரடி இறக்கம், இறக்கமே தள்ளிவிடும். மாட்டு வண்டிக்காரன் மேடு கண்டால் கயிற்றைத் தளர்த்துவது போன்ற நுட்பம் இது. ஆனால் வண்டிகளின் எண்ணிக்கையும் எடையும் வேகமும் பெருகப் பெருக, அந்த மேடு மட்டும் போதாதாயிற்று.

பிறந்த சூட்டில் காற்றோடு வெளியேறியது சிறு பகுதிதான். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைச் சுற்றியுள்ள களிமண்ணே விழுங்கிக்கொண்டது. விழுங்கியது, வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக அதன் மேல் ஏற்றிக்கொண்டே போனார்கள். அது வற்றாத பொறுமை என்று நினைத்தார்கள். களிமண் சூட்டை விரைவில் கடத்தாது. வாங்கியதைத் தள்ளிவிடவும் அதற்குத் தெரியாது. மேலே பனி கொட்டும் மாதங்களிலும் அந்தக் குளிர் அவ்வளவு ஆழத்துக்கு வந்து அதைத் தொடுவதில்லை. இப்போது சுவரே அடுப்பாகி, வண்டி ஓடாத நள்ளிரவிலும் சுரங்கத்தைச் சூடாக வைத்திருக்கிறது. குடும்பங்களிலும் இவ்வாறு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு வாய் பேசாதிருக்கும் ஒருவர் இருப்பார். அவரைக் குளிர்ந்த சுபாவம் என்று நாம் பாராட்டுவோம்.

குளிர்சாதனம் வைத்துவிட்டால் என்ன என்று எவரும் கேட்பார்கள். நாமும் கேட்டோம். மருமகன் சிரித்தார். "மாமா, ஏசி சூட்டை அழிக்கிற எந்திரம் இல்லை, இடம் மாத்துற எந்திரம். வீட்டுக்குள்ளே குளுகுளுன்னு இருந்தா, வெளியே ஜன்னலுக்குக் கீழே போய் நின்னு பாருங்க." உண்மைதானே! ரயில் பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சும் சூட்டைப் பெட்டிக்கு வெளியே, அதே சுரங்கத்துக்குள் கொட்ட வேண்டும். ஆழத் தடங்களின் குழாய் மூன்றரை மீட்டர் அளவே குறுக்களவுள்ளது; ரயில் அதை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு போகிறது. எந்திரம் வைக்கவும் இடமில்லை. சூட்டைக் கொட்டவும் இடமில்லை. மேலோட்டமான பழைய தடங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. 2010 முதல் அவற்றில் குளிர்சாதன வண்டிகள் வந்துவிட்டன. புகை கக்கிய எஞ்சினுக்காகத் திறந்த வாசல்களும் அகலமான சுரங்கமும் நூற்றைம்பது ஆண்டு கழித்து வேறொரு தலைமுறைக்கு உதவியிருக்கின்றன.

2003இல் அந்நகரத்தின் மேயர் கென் லிவிங்ஸ்டன், ஆழத் தடங்களைக் குளிர்விக்க வழி சொல்வோருக்கு ஒரு லட்சம் பவுண்டு பரிசு அறிவித்தார். உலகெங்கிலுமிருந்து யோசனைகள் வந்து குவிந்தன. இரண்டாண்டு கழித்துப் பரிசை யாருக்கும் தராமலே முடித்துவிட்டார்கள். ஆயினும் சும்மா இருந்துவிடவில்லை. பிரேக் போடும் வேளையில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வேகத்தைச் சூடாக்காமல் மின்சாரமாக்கித் தண்டவாளத்துக்கே திருப்பிக் கொடுக்கும் வண்டிகள் வந்தன. விக்டோரியா நிலையத்தில் 2006இல், சுரங்கத்தில் ஊறும் நிலத்தடி நீரை இறைத்து வெளியே விடுமுன் அதைக் கொண்டே காற்றைக் குளிர்விக்கும் சோதனை நடந்தது. பழைய காற்றுக் கிணறுகளில் பெரிய விசிறிகள் ஏறின. நம் சென்னையில் 2017இல் பாதாள மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவும், குளிரூட்டிய நிலையமும், சுரங்கத்துக்கென்று தனி விசிறிகளும் தொடக்கத்திலேயே அமைந்திருந்தன. பின்னால் பிறந்தவர்களுக்குள்ள வசதி அது.

ஊர் திரும்ப நான்கு நாள் இருக்கையில், இஸ்லிங்டன் பகுதியில் ஓரிடத்தைக் காட்டுகிறேன் என்று மருமகன் அழைத்தார். துணைவியாரும் வருவதாகச் சொன்னார்கள். பேருந்தில்தான் போனோம், அதைச் சொல்லத் தேவையில்லை.

சிட்டி ரோடு என்ற பாதாள நிலையம் 1901இல் திறந்து 1922இல் மூடப்பட்டது. கூட்டம் வராத நிலையம். மேலிருந்து கீழே போகும் அதன் கிணறு மட்டும் காற்றுவழியாக எஞ்சி நின்றது. அதன் மேல் இப்போது செம்பழுப்பும் கருமையும் கலந்த உலோகத் தகடுகளால் ஒரு கட்டடம். 2020இல் திறந்தது. உள்ளே இரண்டு மீட்டர் அகல விசிறி ஒன்று சுரங்கத்தின் சூடான காற்றை மேலே இழுக்கிறது. அச்சூட்டை வாங்கிக்கொண்டு ஓர் எந்திரம் தண்ணீரை இன்னும் சூடேற்றுகிறது. அவ்வெந்நீர் தெருவுக்கடியில் குழாய் வழியே ஓடி, சுற்றிலுமுள்ள குடியிருப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும், ஒரு பள்ளிக்கூடத்துக்கும், நீச்சல்குளத்துக்கும் குளிருக்கு இதம் தருகிறது. கோடையில் விசிறியைத் திருப்பிச் சுழலவிட்டு, மேலிருந்து கீழே காற்றை அனுப்பவும் முடியுமாம்.

நஃபக்கிலிருந்து நஃபகா! நாம் அந்த வேரைப் பற்றி மருமகனுக்கு ஒரு சிறு பாடமே நடத்திவிட்டோம். சுரங்கம் சேர்த்து வைத்ததை எடுத்துக் குடும்பங்களுக்குச் செலவிடுகிறார்கள். சொல் தன் பொருளைத் தேடி வந்து சேர்ந்துவிட்டது என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவரும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

துணைவியார் சற்றுத் தள்ளி, எதிரேயிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்த்தபடி நின்றார்கள். மூன்றாம் மாடியில் ஒரு முதியவள் சாளரத்தைத் திறந்து துணி உதறிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தவாறே சொன்னார்கள்:

"அப்போ அன்னிக்கு நான் கீழே விட்டுட்டு வந்த சூடு இன்னும் அந்த மண்ணுக்குள்ளேதானே இருக்கும்? தை மாசக் குளிரிலே அந்தக் கிழவி அதிலே வெந்நீர் போட்டுக் குளிப்பா."

அந்தத் தடம் வேறு, இந்தத் தடம் வேறு. மனித உடற்சூடு நூற்றில் இரண்டு பங்குகூடத் தேறுமோ என்னவோ. சொல்வதற்கு வாயெடுத்தோம். மருமகன் நம்மைப் பார்த்தார்.

"ஆமாம், குளிப்பா" என்றோம்.